பழைய ரீல் பெட்டி: வாசகர் கேள்வி – பதில்

வீடுகளிலும் சங்கக் கட்டடங்களிலும் கிடக்கும் படச்சுருள்களைப் பற்றி தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்தும் மற்ற ஊர்களிலிருந்தும் வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: தாத்தா எடுத்த சின்ன ரீல்கள் பதினொன்று ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கின்றன. கேட்டோ மேனரில் இருந்த வீடு, பெரியப்பா கல்யாணம், காவடி எல்லாம் அதில் உண்டு என்று ஆயா சொல்வார். சிலர் 8 மி.மீ. என்கிறார்கள், சிலர் சூப்பர் 8 என்கிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது? தாத்தாவின் ப்ரொஜெக்டரும் இருக்கிறது. ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாமா?
– வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: ஓட்ட வேண்டாம் அம்மா. ஏன் என்று பிறகு சொல்கிறோம். முதலில் ரீலை அடையாளம் காண்போம்.

பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, கையுறை போட்டுக்கொண்டு, ஓரத்தை மட்டும் பிடித்து இரண்டு சாண் நீளம் வெளியே இழுங்கள். ஒரு பக்கம் வரிசையாகத் துளைகள் இருக்கும். துளை பெரிதாக, ஃபிரேம் என்னும் தனித்தனிப் படங்கள் இரண்டைப் பிரிக்கும் கோட்டுக்கு நேராக இருந்தால் அது பழைய 8 மி.மீ. கோடக் நிறுவனம் 1932-ல் கொண்டுவந்தது. துளை சின்னதாக, ஃபிரேமின் நடுப்பகுதிக்கு நேராக இருந்தால் சூப்பர் 8. அது 1965-ல் வந்தது. ரீலின் நடு ஓட்டை பெரிதா சிறிதா என்று பார்த்து முடிவு செய்யாதீர்கள். படத்தை ஒரு ரீலிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிச் சுற்றுவது எல்லா வீட்டிலும் நடந்ததுதான்.

டர்பனின் கேட்டோ மேனர் வீடுகள், இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தால் காலியாக்கப்பட்ட காலத்தை வைத்துப் பார்த்தால் உங்களிடம் இருப்பது பழைய 8 மி.மீ. ஆகத்தான் பெரும்பாலும் இருக்கும். அப்படியானால் ஒன்றைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் கேமராவில் போட்டது 16 மி.மீ. அகலமுள்ள 25 அடிச் சுருள். ஒரு பாதியில் எடுத்து முடித்ததும் சுருளைத் திருப்பிப் போட்டு மறு பாதியில் எடுப்பார்கள். கழுவிய பிறகு லேப்பில் அதை நடுவே இரண்டாகக் கிழித்து, முனையோடு முனை ஒட்டி 50 அடியாகத் தருவார்கள். அதனால் ஒவ்வொரு ரீலின் நடுவிலும் ஓர் ஒட்டு இருக்கும். அதன் இரு பக்கமும் ஆரஞ்சும் வெள்ளையுமாக வெளிச்சம் அடித்த சில அடிகள் இருக்கும், ரீலைத் திருப்பிப் போட்டபோது ஒளி பட்டதால் வந்தது. கெட்டுப்போன படம் என்று நினைத்துப் பலர் இதை வெட்டி எறிந்துவிடுகிறார்கள். வெட்டாதீர்கள். அந்த வெளிச்சத்துக்குள்ளேயே பாதி தெரியும் ஃபிரேம்களில் மனிதர்கள் நிற்பதுண்டு.

50 அடியில் 4,000 ஃபிரேம். நொடிக்கு 16 என்று ஓடினால் 4 நிமிடம் 10 நொடி. பதினொன்றும் முழு ரீல்களாக இருந்தால் உங்களிடம் ஏறத்தாழ 46 நிமிடப் படம் இருக்கிறது.

இனி ப்ரொஜெக்டர். படத்தின் மங்கலான பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். உருவங்கள் லேசாகச் செதுக்கியதுபோல மேடுபள்ளமாகத் தெரிந்தால் அது கோடக்கின் கோடாக்ரோம் கலர் சுருளாக இருக்க வாய்ப்பு அதிகம். கோடாக்ரோமின் சாயம் இருட்டில் அற்புதமாகத் தாங்கும். ஐம்பது வருஷம் பெட்டியில் கிடந்த ரீலில் அரக்குப் பட்டு அரக்காகவே இருக்கும். ஆனால் ப்ரொஜெக்டர் விளக்கின் வெளிச்சத்தில் அதே சாயம் சீக்கிரம் வெளுக்கும். ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் கொஞ்சம் போகும், போனது திரும்பாது.

இரண்டாவது, சுருக்கம். வயதான படச்சுருள் நீளத்தில் குறையும். துளைகளுக்கு இடையேயுள்ள தூரமும் குறைவதால் ப்ரொஜெக்டரின் நகம் துளையில் சரியாக விழாமல் ஓரத்தைக் கிழித்துக்கொண்டே போகும். இதை வீட்டிலேயே அளக்கலாம். ஒரு துளையின் மேல் விளிம்பிலிருந்து 101-வது துளையின் மேல் விளிம்பு வரை ஸ்கேலால் அளங்கள். பழைய 8 மி.மீ. என்றால் 381 மி.மீ. இருக்க வேண்டும், சூப்பர் 8 என்றால் 423, 16 மி.மீ. பிரிண்ட் என்றால் 762. நூற்றுக்கு 0.8 குறைந்துவிட்டாலே ப்ரொஜெக்டருக்கு ஆகாது. 8 மி.மீ. படத்தில் அது வெறும் 3 மி.மீ. வித்தியாசம்தான். படச்சுருளை இழுத்துப் பிடித்து அளக்காதீர்கள், மேசைமேல் சும்மா கிடத்தி அளங்கள்.

அந்த வீடு இன்று இல்லை. தெருவும் இல்லை. அதைப் பார்க்க உலகத்தில் இந்த ஒரு பிரதிதான் இருக்கிறது, இதற்கு நெகட்டிவ் என்று தனியாக எதுவும் கிடையாது. ஸ்கேன் செய்து பாருங்கள். அதற்கு முன் ஆசைக்குக்கூட ஓட்டாதீர்கள்.

கேள்வி: சீலிங்குக்கு மேலே வைத்திருந்த டப்பாக்களைத் திறந்தால் வினிகர் வாடை மூக்கைத் துளைக்கிறது. கழுவினால் போகுமா?
– வாசகர், டோங்காட்

பதில்: போகாது ஐயா. வாடை மேலே ஒட்டியிருக்கும் அழுக்கிலிருந்து வரவில்லை, படச்சுருளின் உடம்பிலிருந்தே வருகிறது. பூச்சுக்கு அடியில் இருக்கும் தாள் அசிட்டேட் என்னும் பிளாஸ்டிக். சூடும் ஈரமும் சேர்ந்தால் அது உடைந்து அசிட்டிக் அமிலத்தை, அதாவது வினிகரின் புளிப்பை, விடுகிறது. அந்த அமிலமே மேற்கொண்டு உடைவதை வேகப்படுத்தும். மூடிய தகர டப்பாவில் அமில ஆவி வெளியே போக வழியில்லாமல் சுருளையே தின்னும், பக்கத்து டப்பாவுக்கும் பரவும். கடற்கரை ஊரில், ஜனவரி பிப்ரவரி வெயிலில், கூரைக்கு அடியில் வைப்பதைவிட மோசமான இடம் கிடையாது.

அமெரிக்காவில் ராச்சஸ்டரில் உள்ள இமேஜ் பெர்மனன்ஸ் இன்ஸ்டிட்யூட்டின் கணக்குப்படி, புதிய அசிட்டேட் படம் 21 டிகிரி சூட்டிலும் 50 சதவீத ஈரப்பதத்திலும் இருந்தால் இந்த நோய் தொடங்க ஏறத்தாழ 40 வருஷம் ஆகும். குளிர்ந்த இடத்தில் இந்தக் காலம் பல மடங்கு நீளும். டர்பன் கூரையடி இதற்கு நேர் எதிர்.

அதே நிறுவனம் ஏ-டி ஸ்ட்ரிப் என்ற நீலக் காகிதத் துண்டுகளை விற்கிறது. ஒன்றை டப்பாவுக்குள் போட்டு மூடி, குறைந்தது ஒரு நாள் விட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். நீலமாகவே இருந்தால் 0, பச்சையானால் 1, பச்சை கலந்த மஞ்சள் 2, முழு மஞ்சள் 3. 1.5-ஐத் தொட்டுவிட்டால் அதற்குப் பிறகு அழிவு வேகமெடுக்கும். அந்த ரீல்களை முதலில் ஸ்கேனுக்கு அனுப்புங்கள். 3 என்றால் பொருள் ஏற்கெனவே சுருங்கி, முறுக்கிக்கொண்டு, ஓரத்தில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். அதைப் பிரிக்கவே முயலாதீர்கள், அப்படியே தெரிந்தவர்களிடம் கொடுங்கள்.

இன்றே செய்ய வேண்டியது: வாடையுள்ளதை வாடையில்லாததிலிருந்து பிரித்து வேறு அறையில் வையுங்கள். துருப்பிடித்த தகர டப்பா, உள்ளே சுற்றிய காகிதம், ரப்பர் பேண்ட் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். காகிதத்தில் எழுதியிருப்பதைப் படம் எடுத்துக்கொண்டு, கிழிக்காமல் தனி உறையில் போட்டு ரீலின் எண்ணை எழுதி வையுங்கள். ரீலை பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றுங்கள், மூடியை இறுக்காதீர்கள். கெட்டி சுற்றாக இருந்தால் கையால் மெதுவாகத் தளர்த்திச் சுற்றி, நிழலில், காற்றோட்டமான அறையில் சில நாள் வைக்கலாம். ஜூன், ஜூலையில் இங்கே காற்று உலர்ந்திருக்கும், இந்த வேலைக்கு அதுதான் சரியான பருவம். காற்றாட விடுவதால் வாடை குறையும், நோய் குணமாகாது. சமையல் சோடா போட்டு வைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், பொடி படத்தைக் கீறும்.

ஓரத்தில் பழுப்புக் காந்தக் கோடு ஓடும் ஒலியுள்ள சூப்பர் 8 ரீல்கள் இருந்தால் அவற்றை முன்னே நிறுத்துங்கள். அந்தக் கோட்டிலுள்ள இரும்பு ஆக்சைடு அமில வேலையை இன்னும் துரிதப்படுத்தும்.

ஜோகன்னஸ்பர்க் பக்கமுள்ள லெனேசியாவிலிருந்து பூஞ்சை பற்றிக் கேட்டு எழுதிய வாசகருக்கு இங்கேயே ஒரு வார்த்தை: உங்கள் மேட்டு நிலத்துக் குளிர்காலத்தில் பூஞ்சை பெரிய பிரச்சினையாக இராது. படம் காய்ந்து மொடமொடப்பதுதான் அங்கே வரும் கேடு. ஹீட்டர் உள்ள அறையில் வைக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் சங்கத்தில் ஒரு தமிழ்ப் படத்தின் 16 மி.மீ. பிரிண்ட் இருக்கிறது. ஒரு காலத்தில் கலர் படம். இப்போது எல்லாமே ரோஜா நிறம். வானமும் ரோஜா, வயலும் ரோஜா. திரும்பக் கொண்டுவர முடியுமா?
– சங்கச் செயலாளர், பீட்டர்மரிட்ஸ்பர்க்

பதில்: ஓரளவு முடியும். எவ்வளவு முடியும் என்பது எந்த முறையில் எடுத்த பிரிண்ட் என்பதைப் பொறுத்தது.

கலர் பிரிண்டில் மூன்று சாயங்கள் அடுக்கடுக்காக இருக்கும்: மஞ்சள், மெஜந்தா என்னும் ஊதாச் சிவப்பு, சயான் என்னும் நீலப்பச்சை. 1950-ல் வந்த ஈஸ்ட்மன்கலர் முறை மலிவு, ஒரே சுருளில் எல்லாம் முடிந்துவிடும். ஆனால் அந்தக் காலத்துப் பிரிண்டுகளில் சயான் சாயம் இருட்டில் பூட்டி வைத்தாலும் தானாகவே வெளுக்கும், மஞ்சளும் குறையும். மிஞ்சுவது மெஜந்தா. நீங்கள் பார்க்கும் ரோஜா நிறம் அதுதான். 1980-களின் தொடக்கத்தில்தான் வெளுப்பு குறைந்த பிரிண்ட் சுருள்கள் பரவலாக வந்தன.

டெக்னிகலர் பிரிண்டுக்கு இந்தக் கதி கிடையாது. அங்கே சாயம் படத்துக்குள்ளேயே உருவாவதில்லை. ஒவ்வொரு நிறத்துக்கும் ஜெலட்டினில் மேடுபள்ளமாக ஓர் அச்சு செய்து, அதைச் சாயத்தில் ஊறவைத்து, வெற்றுச் சுருள்மேல் ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தி எடுப்பார்கள். சேலைக்கு அச்சுக்கட்டையால் ஒவ்வொரு நிறமாக ஒற்றுவதுபோலத்தான். எந்தச் சாயம் நிலைக்குமோ அதையே தேர்ந்தெடுத்துப் போட முடிந்ததால் அந்தப் பிரிண்டுகள் இன்றும் பளிச்சென்று இருக்கின்றன. 1956-ல் வந்த அலிபாபாவும் 40 திருடர்களும், ஈஸ்ட்மன்கலரைப் போன்ற இன்னொரு முறையான கேவாகலரில் வந்த படம். 1959-ல் வந்த வீரபாண்டிய கட்டபொம்மன் கேவாகலரில் எடுக்கப்பட்டு லண்டனில் டெக்னிகலர் பிரிண்டாக ஆக்கப்பட்டது. லண்டன் ஆலையில் இந்த அச்சு முறை 1978-ல் நிறுத்தப்பட்டது.

உங்கள் பிரிண்டின் ஓரத்தை பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். ஈஸ்ட்மன், ஃபியூஜி, ஆர்வோ என்று எழுத்து ஓடும். ஈஸ்ட்மன் சுருளில் அந்த எழுத்துக்கருகில் வட்டம், சதுரம், முக்கோணம் போன்ற குறிகள் இருக்கும். அவை சுருள் தயாரான வருஷத்தைச் சொல்லும். ஆனால் அதே குறி இருபது வருஷத்துக்கு ஒருமுறை திரும்ப வரும், படம் வெளியான வருஷத்தோடு பொருத்திப் பார்க்க வேண்டும்.

நிறத்தை மீட்பது கம்ப்யூட்டரில்தான், சுருளில் எதுவும் செய்ய முடியாது. சயான் சாயத்தின் வேலை சிவப்பு ஒளியைத் தடுப்பது. அது போய்விட்டதால் ஸ்கேனில் சிவப்பு ஒளியைப் பதியும் சிவப்புச் சானல் வெளிறிப்போய், இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் வித்தியாசமே இல்லாமல் இருக்கும். சிகிச்சை அந்த ஒரு சானலிலிருந்து தொடங்க வேண்டும். ஒவ்வொரு காட்சியிலும் உண்மையில் கறுப்பாக இருக்க வேண்டிய ஓர் இடத்தையும், வெள்ளையாக இருக்க வேண்டிய ஓர் இடத்தையும் பிடியுங்கள். கூந்தலும் வேட்டியும் போதும். சிவப்புச் சானலை அந்த இரண்டுக்கும் நடுவே விரியுங்கள், பிறகு நீலத்தைச் சரிசெய்யுங்கள், கடைசியில் முகத்தின் நிறத்தை வைத்து நடுப்பகுதியைத் திருத்துங்கள். தானாகத் திருத்தும் பட்டனை அழுத்தினால் கூந்தல் பச்சையடிக்கும், சந்தனம் சாம்பலாகும். ஸ்கேனில் ஒவ்வொரு நிறத்தின் ஏற்ற இறக்கத்தையும் பதியும் நுணுக்கம் 8 பிட் என்று இருந்தால் விரிக்கும்போது படம் படிக்கட்டுபோல உடையும். 16 பிட் கேளுங்கள், குறைந்தது 10 பிட் லாக். சாயம் அடியோடு போன இடத்தில் விரித்தாலும் புள்ளிப்புள்ளியாக இரைச்சல்தான் வரும்.

இதற்கெல்லாம் முன்னால், அந்தப் படத்துக்கு நல்ல பிரதி ஏற்கெனவே இருக்கிறதா என்று சென்னையில் விசாரியுங்கள். 1964-ன் கர்ணன் 2012-ல் டிஜிட்டலில் புதுப்பித்து வெளியானது, கட்டபொம்மனும் 2015-ல் அப்படியே. அங்கே நெகட்டிவிலிருந்து செய்ததை உங்கள் 16 மி.மீ. பிரிண்ட் எட்டாது. சங்கத்தின் பணத்தை, சங்கமே எடுத்த ஆண்டுவிழா ரீல், பள்ளித் திறப்புவிழா ரீல் இருந்தால் அதற்குச் செலவழியுங்கள். அதை வேறு யாரும் காப்பாற்றப் போவதில்லை.

கேள்வி: இன்னொரு ரீலில் நடிகர்கள் எல்லாரும் ஒட்டடைக்குச்சிபோல ஒல்லியாகத் தெரிகிறார்கள். சுருள் சுருங்கிவிட்டதா?
– அதே சங்கம்

பதில்: இல்லை, அது சினிமாஸ்கோப். படம் எடுக்கும்போதே அகலத்தைப் பாதியாக நெருக்கி ஃபிரேமுக்குள் அடைப்பார்கள், காட்டும்போது அனமார்ஃபிக் லென்ஸ் அதை இரண்டு மடங்காக விரிக்கும். ஸ்கேன் செய்பவரிடம் சொல்லிவிட்டால் போதும், கம்ப்யூட்டரிலேயே அகலத்தை இரட்டிக்கலாம். தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் 1973-ல்தான் வந்தது. ஆகவே உங்கள் ரீல் தமிழ்ப் படம் என்றால் அதற்குப் பிற்பட்டது.

கேள்வி: பழைய 35 மி.மீ. ரீல் இரண்டு இருக்கிறது. சென்னைக்குத் தபாலில் அனுப்பலாமா?
– வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: ஓரத்தில் சேஃப்டி என்ற ஆங்கிலச் சொல் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால், அது 1951-க்கு முந்தியதாக இருக்கலாம் என்றால், எளிதில் தீப்பற்றும் பழைய நைட்ரேட் சுருள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நைட்ரேட் எரிந்தால் தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே தந்துகொள்ளும், தண்ணீருக்குள்ளும் அணையாது. கெட்டுப்போன நைட்ரேட் கோடை வெயில் சூட்டிலேயே தீப்பிடிக்கக்கூடும். தபாலில் போடுவது சட்டப்படியும் தவறு. எரித்துப் பார்த்து சோதிக்கும் வேலை வேண்டவே வேண்டாம். வீட்டுக்கு வெளியே குளிர்ந்த நிழலில், காற்றுப் போகும்படி வைத்துவிட்டு பிரிட்டோரியாவில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு எழுதுங்கள். 8, 16 மி.மீ. வீட்டு ரீல் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துப் பயப்பட வேண்டாம், கோடக் அவற்றைத் தொடக்கத்திலிருந்தே எளிதில் தீப்பிடிக்காத தாளில்தான் செய்தது.

கேள்வி: 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நனைந்த ரீல்களை அப்போதே வெயிலில் காயவைத்தோம். இப்போது சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, மேலே வெள்ளைப் பூஞ்சை படர்ந்திருக்கிறது.
– வாசகி, இசிப்பிங்கோ

பதில்: நல்லெண்ணத்தில்தான் செய்தீர்கள், ஆனால் நனைந்த ரீலைச் சுற்றோடு காயவிடக் கூடாது. படப்பூச்சிலுள்ள ஊறிய ஜெலட்டின் காயும்போது பசையாகி அடுத்த சுற்றின்மேல் ஒட்டிக்கொள்ளும். இனி எப்போதாவது நனைந்தால் சுத்தமான குளிர்ந்த தண்ணீர் வாளியில் முழுக மூழ்கவைத்து, ஈரத்தோடேயே ஓரிரு நாளுக்குள் லேப்பில் சேர்ப்பியுங்கள்.

இப்போது இருப்பதைப் பிரித்து இழுக்காதீர்கள், படப்பூச்சு உரிந்து அடுத்த சுற்றோடு போய்விடும். பூஞ்சைக்குத் தண்ணீர் படவே கூடாது. பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரையும், துடைத்தால் படமே துணியில் வந்துவிடும். கடைத்தெரு மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீத ஆல்கஹாலும் கூடாது, மீதி முப்பது தண்ணீர்தான். 99 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹால்தான் பயன்படும். அதையும் சுற்றுகள் தானாகப் பிரிகிற ரீலில் மட்டும், நூல் பிரியாத துணியில் லேசாகத் தொட்டு, காந்தக் கோடு இல்லாத படத்தில் மட்டும் செய்யுங்கள். முகமூடி போட்டுக்கொண்டு வீட்டுக்கு வெளியே செய்யுங்கள்.

கேள்வி: கடையில் கொடுத்து டிவிடியாக வாங்கினோம். படம் விட்டுவிட்டு மினுக்குகிறது, எல்லாரும் ஓட்டமும் நடையுமாகப் போகிறார்கள், முகமெல்லாம் மெழுகு பொம்மை. ரீல் கெட்டுவிட்டதா?
– வாசகர், மெரிபேங்க்

பதில்: ரீல் நன்றாகவே இருக்கலாம். மூன்றும் செய்த முறையின் கோளாறு.

மினுக்குவது, சுவரில் ப்ரொஜெக்டரை ஓட்டி வீடியோ கேமராவால் எடுத்ததால். நொடிக்கு 18 ஃபிரேம் ஓடும் ப்ரொஜெக்டரில், வெளிச்சத்தை மறைத்து மறைத்து விடும் மூன்றிதழ் ஷட்டர் இருந்தால் வெளிச்சம் நொடிக்கு 54 முறை வெட்டும். நம் ஊர் வீடியோ 50 முறை பதியும். அந்த 4 வித்தியாசம்தான் நொடிக்கு நாலு முறை படம் மங்கி மங்கித் தெளிவது. வேகம், 16 ஃபிரேம் படத்தை 25-ஆக ஓட்டியதால். நாலு நிமிடம் பத்து நொடி ரீல் இரண்டு நிமிடம் நாற்பதில் முடிந்திருக்குமே, பார்த்தீர்களா? மெழுகு முகம், மணல் மணலாக இருக்கும் இயல்பான திட்டுகளைச் சாஃப்ட்வேர் துடைத்ததால். அந்தத் திட்டுகளில்தான் முகத்தின் விவரம் இருக்கிறது. துடைத்தபின் சாஃப்ட்வேர் தானே ஒரு கண்ணும் மூக்கும் வரைகிறது. உங்கள் பாட்டியின் கண் அதுவல்ல.

மறுபடி கொடுக்கும்போது இதை எழுதிக் கொடுங்கள்: பற்சக்கரம் இல்லாத ஸ்கேனரில், எல்.இ.டி. விளக்கில், ஃபிரேம் ஃபிரேமாக எடுக்க வேண்டும். துளையும் ஓரமும் தெரியும்படி முழு அகலமும் வேண்டும். 2கே அளவு, அதாவது அகலத்தில் ஏறத்தாழ 2,000 புள்ளிகள், 8 மி.மீ.க்குப் போதும். எந்தத் திருத்தமும் செய்யாத கோப்பு ஒன்று, திருத்தியது தனியாக இன்னொன்று. பழைய 8-க்கு 16, சூப்பர் 8-க்கு 18 என்ற வேகம். சுருளையும் டப்பாவையும் திருப்பித் தர வேண்டும். திருத்தாத கோப்பை, ஃபிரேமுக்கு ஒரு கோப்பாக வரும் டிபிஎக்ஸ் ஆகக் கேட்டால் 50 அடி சூப்பர் 8-ன் 3,600 ஃபிரேமும் சுமார் 45 ஜிபி வரும், பெரிய டிஸ்க் கொண்டுபோங்கள். அவ்வளவு முடியாதென்றால் ஓரளவு சுருக்கிய ப்ரோரெஸ் 422 எச்க்யூ வீடியோ கோப்பு போதும். மிகவும் சுருக்கிய எம்பி4 மட்டும் தருவோம் என்கிற இடத்தில் கொடுக்காதீர்கள்.

கேள்வி: கழுவாத கோடாக்ரோம் கேட்ரிஜ் ஒன்று கிடைத்தது. இன்னும் கழுவலாமா?
– வாசகர், மௌண்ட் எட்ஜ்கம்ப்

பதில்: கலரில் முடியாது. கோடாக்ரோமில் சாயம் சுருளில் இல்லை, கழுவும் மருந்தில்தான் இருக்கும். அந்த மருந்தை வைத்துக் கழுவிய கடைசி லேப் 2010 கடைசியோடு ரீல் வாங்குவதை நிறுத்திவிட்டது. கறுப்பு வெள்ளையாகக் கழுவித் தருகிறவர்கள் உண்டு. மங்கலாக ஏதாவது கிடைக்கும். வெளிச்சத்தில் இழுத்துப் பார்த்துவிடாதீர்கள்.

கேள்வி: ஸ்கேன் எல்லாம் முடிந்தது. ரீலை என்ன செய்வது? ஃப்ரீசரில் வைக்கலாம் என்கிறார்கள். லோட்ஷெடிங் வந்து கரண்ட் போனால்?
– பலர்

பதில்: தூக்கிப் போடாதீர்கள். இன்றைய ஸ்கேனரைவிட நல்லது நாளை வரும், டிஸ்க் பத்து வருஷத்தில் ஊமையாகிவிடும். ஃப்ரீசர் நல்ல யோசனைதான், ஒழுங்காகப் பொட்டலம் கட்டினால். காற்று உலர்ந்த நாளாகப் பார்த்து, ரீல் டப்பாவை ஜிப் உள்ள ஃப்ரீசர் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றி மூடுங்கள். அந்தப் பையை இன்னொரு பையில் போட்டு, இரண்டுக்கும் நடுவே ஈரப்பதம் காட்டும் அட்டை ஒன்றை வையுங்கள். அட்டை 30-க்கும் 50-க்கும் இடையே காட்ட வேண்டும். நிறம் மாறினால் வெளிப்பையில் ஓட்டை என்று பொருள். பனி கட்டாத ஃப்ரீசர் வேண்டும், மீனும் இறைச்சியும் வைக்கிற பெட்டியாக இருக்கக் கூடாது.

கரண்ட் சில மணி நேரம் போவதால் சேதமில்லை. கதவைத் திறக்காமல் விடுங்கள், உள்ளே இளகினாலும் ஈரம் பைக்கு வெளியேதான் வேர்க்கும். ரீலை வெளியே எடுக்கும்போதுதான் பலர் தவறுகிறார்கள். பையோடு எடுத்து, அறைச் சூட்டில் முழுசாக 24 மணி நேரம் வைத்து, அதன் பிறகே பிரிக்க வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் குளிர்ந்த ஜெலட்டின்மேல் தண்ணீர் கோத்துக்கொள்ளும்.

ஃப்ரீசருக்கு இடமில்லாதவர்கள் டெர்பி ஸ்ட்ரீட்டில் உள்ள 1860 ஹெரிடேஜ் சென்டரையோ, வெஸ்ட்வில் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள காந்தி-லுத்துலி ஆவண மையத்தையோ கேட்டுப் பாருங்கள். ரீலைத் தூக்கிக்கொண்டு நேரே போய்விடாமல், எத்தனை ரீல், என்ன அளவு, எந்த வருஷம், யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதி முதலில் அனுப்புங்கள். அந்தத் தாளை ஆயா பக்கத்தில் உட்கார்ந்து, ஸ்கேன் செய்த படத்தை நிறுத்தி நிறுத்திக் காட்டி, அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள்.